கூச்ச சுபாவம் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் பேத்தி சாட்ஸ்வொர்த்தில் 9ஆம் கிரேடு படிக்கிறாள். வாயில்லாப் பூச்சி. இரண்டு டெர்மாக ஒரு கும்பல் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பிடுங்குவதும் வாட்ஸாப் குழுவில் கேலி செய்வதுமாகப் பாடாய்ப் படுத்தியது. பள்ளியில் போய்க் கேட்டால், "அவள்தான் கொஞ்சம் தைரியமாக இருக்கப் பழகணும்" என்றார்கள். அந்த வார்த்தை இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

எளிதில் கலங்குகிற, ஒதுங்கி நிற்கிற பிள்ளைகள்தான் அதிகம் சீண்டப்படுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன, சரி. ஆனால் சீண்டப்படுவதாலேயே பிள்ளை மேலும் கலங்கிப்போகிறாள் என்பதையும் அவை சொல்கின்றனவே! சீண்டுகிறவன் உள்ளுக்குள் பயந்தவன் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 1970களிலிருந்து ஸ்காண்டிநேவியாவில் இதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வியஸ் அப்படிக் காணவில்லை. பெரும்பாலும் சீண்டுகிறவர்களுக்குப் பதற்றம் சராசரி அளவில் அல்லது அதற்கும் குறைவாகத்தான் இருந்தது. அடுத்தவர் வலிதான் உறைக்கவில்லை.

பள்ளிகளில் சீண்டலைத் தடுக்கும் பின்லாந்தின் கிவா திட்டம் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் குறிவைக்கிறது. கூடச் சிரிக்க ஆள் இல்லையென்றால் சீண்டுகிறவனுக்கு மவுசு ஏது? இங்கேயும் அதைச் செய்யலாமே.

அப்புறம், நம் தென்னாப்பிரிக்காவின் 2011ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, பெற்றோர் துணை இல்லாமல் பிள்ளையே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். எனக்கே இது போன மாதம்தான் தெரிந்தது. கோயில் மண்டபங்களிலும் தமிழ் வகுப்புகளிலும் தயவுசெய்து இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
சாட்ஸ்வொர்த், டர்பன்