வன்தட்டை அழிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவுவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால், இணையத்தோடு இணைக்கும் வலையமைப்பு அட்டையைக் கணினி தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று ஒரே வரியில் கடந்துபோனது சரியில்லை. கொக்குவிலில் கணினி திருத்துபவன் நான். அந்த நம்பிக்கையில் வன்தட்டை அழித்துவிட்டு, இணையம் இல்லாத மடிக்கணினியோடு வந்து நிற்கும் உயர்தர மாணவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐஎஸ்ஏ என்ற பழைய வகை அட்டைகளின் காலத்தில், அட்டையிலுள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பை நகர்த்தி, அட்டை கணினியின் கவனத்தை அழைக்கும் ஐஆர்கியூ எண்ணைக் கையால் கொடுப்போம். 3ஐக் கொடுத்தால், அதே எண்ணைப் பயன்படுத்தும் இரண்டாவது சீரியல் போர்ட்டோடு (பழைய வகை இணைப்பு வாய்) முட்டும். அந்தத் தொல்லை ஒழிந்தது உண்மை. கட்டுரையாளர் அதை மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம்.

இன்றைய சிக்கல் வேறு. பல வைஃபை அட்டைகளுக்குள் பேர்ம்வெயார் என்ற சிறு கோப்பை டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) ஏற்றினால்தான் அவை இயங்கும். அது இல்லாவிட்டால் அட்டையின் பெயர் திரையில் தெரியும். அயலில் உள்ள ஒரு வைஃபையும் தெரியாது. கட்டற்ற உரிமம் (யாரும் மாற்றவும் பகிரவும் விடும் உரிமம்) இல்லாத இக்கோப்புகளை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வெளியான டெபியன் 12இல்தான் சேர்த்தது. பிராட்காம் நிறுவனத்தின் பழைய அட்டைகள் பலவற்றுக்கு அதிலும் விடிவில்லை. அவற்றின் கோப்பை விநியோகிக்க உரிமம் இடந்தராததால் இணையத்திலிருந்தே இறக்க வேண்டும். இணையத்துக்குப் போகவோ அந்தக் கோப்பு வேண்டும்! கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் பழைய மடிக்கணினிகளில் இந்த அட்டைகளை இன்னும் காண்கிறேன்.

எனவே விண்டோஸ் இருக்கும்போதே கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து அட்டையின் ஹார்ட்வெயார் ஐடியை (அடையாள எண்) எழுதிவைக்க வேண்டும். அதிலுள்ள தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல் (1978இல் அவர்கள் வெளியிட்ட நுண்செயலியின் பெயரும் அதுவே, குறும்புக்காரர்கள்). 14E4 என்றால் பிராட்காம், கவனம். பிறகு நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, வைஃபை இணைகிறதா என்று பார்க்கலாம். இணையாவிட்டால் அண்ட்ராய்ட் கைபேசியை யூஎஸ்பி வயரில் பொருத்தி டெதரிங் (கைபேசியின் இணையத்தைக் கணினியோடு பகிர்தல்) கொடுத்தால் பெரும்பாலும் இணையம் கிடைத்துவிடும். தேவையான கோப்பை அதன் வழியே இறக்கிக்கொள்ளலாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் வாரம் என்று அறிவித்திருக்கிறீர்கள். வன்தட்டை அழிக்கும் படிக்கு முன்னால் இந்தச் சோதனையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணினித் திருத்துநர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.