சின்னம்மாவின் தகரப் பெட்டி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ ஃபோனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. குடியுரிமை வாங்கித் தருகிறேன், நாற்பதாயிரம் ஆகும், உங்கள் இலங்கை அகதிகள் முகாமில் ஏற்கெனவே நாலு பேர் கொடுத்துவிட்டார்கள் என்று யாரோ வந்து பேசியிருக்கிறார். வெயிலில் சாரத்தில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்துச் சேர்த்த காசு அது. கொடுத்துவிடாதே கண்ணு. ஃபோனில் நான் சொன்னது உனக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போலவே அம்மா இந்தியா, அப்பா இலங்கை என்றிருக்கும் பிள்ளைகள் மற்ற முகாம்களிலும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நீ 1999இல் சத்தியமங்கலத்தில் பிறந்தாய். அன்றைக்கு உன் அம்மா, அதாவது என் சின்னம்மா, இந்தியக் குடிமகள். இந்த இரண்டு விஷயமே போதும். 1955ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு சொல்வது இதுதான்: 1987 ஜூலை 1க்குப் பிறகு, 2004 டிசம்பர் 3க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, பிறந்த நேரத்தில் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால் போதும். அந்தப் பிள்ளை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். யாரிடமும் போய்க் குடியுரிமை கொடுங்கள் என்று நீ மனு போட வேண்டாம். அது உனக்குப் பிறந்த அன்றே வந்துவிட்டது. இப்போது செய்ய வேண்டியது அதைக் காட்டுவது மட்டும்தான்.

நான் முகாம்காரன், அகதி என்று நீயே திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. பவானிசாகர் முகாம் பதிவேட்டில் உன் பெயர் உன் அப்பா வழியில் ஏறியது. சித்தப்பா 1990இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். பூப்பறிக்கப் போன மல்லிகைத் தோட்டத்தில் சின்னம்மா அவரைப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள், அவர் கூடவே முகாமுக்குப் போனாள். பதிவேட்டில் அவரது மனைவி என்று ஒரு வரி எழுதினார்கள். மாதாமாதம் தணிக்கைக்கு நின்று நின்று, தான் யார் என்பதே அவளுக்கு மறந்துபோனது. வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டதால் ஒரு பெண்ணின் இந்தியக் குடியுரிமை போய்விடாது. இதை அவளிடம் யாருமே சொன்னதில்லை.

சின்னம்மா பதினொரு வயது வரை இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டு அறையில் வளர்ந்தவள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து போன தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். குடியுரிமைப் பதிவும் பாஸ்போர்ட்டும் வந்து, 1980இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, கோத்தகிரிக்கு வந்தார்கள். அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறித்தார்கள். அங்கே கள்ளத்தோணி என்று ஏசினவர்கள் போய், இங்கே சிலோன்காரங்க என்று கூப்பிட ஆள் வந்தது. ஆனால் கையில் காகிதம் இருந்தது தம்பி. அந்தக் காகிதத்துக்காகத்தான் தாத்தா பிறந்த மண்ணையே விட்டு வந்தார்.

அந்தப் பாஸ்போர்ட்டை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சின்னம்மாவின் தகரப் பெட்டியில், அடியில் விரித்த பழைய தினத்தந்திக்குக் கீழே, ஒரு மஞ்சள் துணியில் சுற்றியிருக்கும். போட்டோவில் தாத்தா கழுத்துவரை பொத்தான் போட்டு முறைத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் பெயர் எழுதிய பக்கத்தில் நீல மையில் நாலாவது வரி சின்னம்மா. மை கொஞ்சம் கரைந்திருக்கும், ஆனால் படிக்கலாம். கடைசிப் பக்கங்களில் ராமேஸ்வரத்து முத்திரை. அதோடு மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையும் இருக்க வேண்டும். உன் வழக்கே அந்த இரண்டு காகிதத்தில்தான் நிற்கிறது.

ஒரு அலுவலகத்தில் உன்னை முகாம் பையனுக்கெல்லாம் பாஸ்போர்ட் கிடையாது என்று விரட்டிவிட்டதாகச் சொன்னாய். முகாமில் பிறந்தது தடையே இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, தாய் தகப்பன் இரண்டு பேருமே அகதிகளாக இருந்தும், 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோர் யார் என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை. உனக்கு அந்தத் தேதி பொருந்தாது, சரி. உனக்கு அம்மா இருக்கிறாள்.

இப்போது உன் தங்கை பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அவள் பிறந்தது 2009. அதே அம்மா, அதே அப்பா, அதே வீடு. ஆனால் 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு ஒருவர் குடிமக்களாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்று சட்டம் மாறிவிட்டது. சித்தப்பாவிடம் பாஸ்போர்ட் ஏது? குண்டுக்குத் தப்பி வந்தவரிடம் விசா கேட்டால் அவர் எங்கே போவார்? வேறு சில பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்த 2019ஆம் வருடத்துக் குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு உத்தரவு போட்டது. நல்லதுதான், ஆனால் அது குடியுரிமை ஆகாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் அண்ணன் இந்தியன், தங்கை யாருமில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. அதே சட்டத்தின் ஐந்தாவது பிரிவின் நாலாவது உட்பிரிவில், சிறப்பான சூழ்நிலை இருந்தால் எந்த மைனர் பிள்ளையையும் குடிமகளாகப் பதிவு செய்ய ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் கேட்கலாம். மனுவை ஈரோடு கலெக்டர் அலுவலகம் வழியாக அனுப்ப வேண்டும். 2027இல் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்கப்புறம் அந்தக் கதவு மூடிவிடும். உன்னுடைய காகிதம் ஆறு மாதம் தள்ளிப்போனால் பரவாயில்லை. அவளுடையதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று. சித்தப்பா உங்கள் இருவரையும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்துவிடலாம் என்கிறாராம். அவர் ஊருக்குத் திரும்ப ஆசைப்படுகிறார், அதில் தப்பே இல்லை. ஆனால் நீ விவரம் தெரிந்த வயதில் விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் விடாது. நல்ல வக்கீல் ஒருவரிடம் கேட்கும் வரை எந்தப் பாரத்திலும் 'இலங்கைக் குடிமகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடாதே. சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன்.

காகிதங்களில் ஒரு சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் சின்னம்மா பெயர் 'லெ'யில் தொடங்கும், உன் பிறப்புச் சான்றிதழில் 'ல'. முகாம் அட்டையில் வயதும் இரண்டு வருடம் வித்தியாசம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட சின்னம்மாவின் ரேஷன் கார்டு, டேன்டீ பள்ளிக்கூடத்துச் சான்று, கூடப் பிறந்த என் அம்மாவின் உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் வேண்டும். அம்மா கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாள். ஆதார் இருக்கிறதே என்று நினைக்காதே, அது குடியுரிமைக்குச் சான்று கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பெட்டிச் சாவி எங்கே என்று சின்னம்மாவிடம் இப்போதே கேட்டு வை. பாப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வை. பாஸ்போர்ட் நைந்திருக்கிறதே என்று லேமினேட் செய்யக் கொடுத்துவிடாதே, நான் வரும் வரை அந்த மஞ்சள் துணியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அக்கா
கோத்தகிரி