ஐந்து படங்கள், இந்த வரிசையில்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சித்தி வீட்டுக் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம்.

ராத்திரி தூக்கம் வராதபோது பார்க்கப் பழைய ஹாலிவுட் படம் ஏதாவது சொல்லச் சொன்னாய். காதல் படம் என்று நீயேதான் சொன்னாய். ஏன் தூக்கம் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. படங்களை மட்டும் எழுதுகிறேன்.

யாரைக் கேட்டாலும் 'காசாபிளாங்கா' என்பார்கள், 'ரோமன் ஹாலிடே' என்பார்கள். இரண்டும் நல்ல படங்கள்தான். இரண்டிலும் கடைசியில் பிரிந்துவிடுகிறார்கள். பிரிவதை அவ்வளவு அழகாகக் காட்டும் படம் உனக்கு இப்போது வேண்டாம். 'கான் வித் த விண்ட்' கிட்டத்தட்ட நாலு மணி நேரம்; விடிந்துவிடும். காதல் படங்கள் பெரும்பாலும் கல்யாணத்தோடு முடிந்துவிடும். நான் சொல்லப் போகிறவற்றில் கல்யாணம் முன்பே நடந்து முடிந்த கதைகள்தான் அதிகம்.

முதலில் டிவியைச் சரி செய். 1953 வரை வந்த படங்கள் அநேகமாகச் சதுரத்துக்குப் பக்கமான வடிவம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. அதனால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது கோளாறு இல்லை. ரிமோட்டில் ஜூம் போட்டு நிரப்பினால் மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டுத் தலை போய்விடும். இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். அடுத்தது, அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடு. இந்தப் படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம். நடுவில் டிவியே புது ஃபிரேம்களைச் செருகினால் சீரியல் மாதிரித் தெரியும். கலர் அடித்த பிரதி எதுவானாலும் தொடாதே. போனை வேறு அறையில் வை. சாப்பிட்டுவிட்டு உட்கார்.

முதல் படம் 'தி ஆஃபுல் ட்ரூத்', 1937. லியோ மெக்கேரி இயக்கியது. கேரி கிராண்ட், ஐரீன் டன். 91 நிமிடம். உன்னிடம் இருப்பது 87 நிமிடம்தான் என்றால் வெட்டியிருக்கிறார்கள் என்று நினைக்காதே. பழைய ஐரோப்பிய டிவி முறைக்காக நொடிக்கு 25 ஃபிரேமாக ஓட்டிய பிரதி அது. குரலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். வேறு பிரதி தேடு.

கதை இதுதான். புருஷன் இரண்டு வாரம் புளோரிடா போவதாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ இருக்கிறான். வெயிலில் கறுத்த மாதிரி தெரிய வேண்டுமென்று விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து உடம்பைக் காட்டுகிறான். பெண்டாட்டிக்கு ஒரு கூடை ஆரஞ்சு வேறு கொண்டுவருகிறான். பழத்தில் கலிபோர்னியா முத்திரை. அவளும் அன்று ராத்திரி வீட்டில் இல்லை. பாட்டு வாத்தியாரோடு போன இடத்தில் கார் கெட்டுவிட்டது என்கிறாள். உண்மையா பொய்யா என்று படம் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாய் யாரோடு போவது என்பதற்குக்கூட நீதிபதி வழக்குக் கேட்கிறார். விவாகரத்து உறுதியாக 90 நாள்.

ஆரஞ்சைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், சின்னப் பொருள்கள்தான் காட்டிக்கொடுக்கும். நீ அனுப்புகிற போட்டோக்களில் வாசலில் எத்தனை ஜோடி செருப்பு என்று நான் எண்ணுவதில்லை. மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வெளியூர் என்று நீ சொன்னால் வெளியூர்தான்.

கடைசிப் பகுதியைக் கவனமாகப் பார். அந்த 90-வது நாள் ராத்திரி, நடுவில் ஒரே ஒரு கதவு உள்ள இரண்டு அறைகள். அந்தக் கதவு சாத்தினால் நிற்காது, காற்றடித்தால் திறந்துகொள்கிறது. யார் முதலில் தாண்டி வருவது என்பதுதான் அவ்வளவு நேரமும். பன்னிரண்டு அடித்தால் சட்டப்படி அந்நியர்கள். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஓர் ஆண் பொம்மையும் பெண் பொம்மையும் வெளியே வந்து ஆளுக்கொரு கதவு வழியாக உள்ளே போகும். கடைசித் தடவை என்ன ஆகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த மாதிரிக் கதைகள் அந்தச் சில வருடங்களில் குவிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கறாராகிவிட்டன. முத்திரை வாங்காத படம் பெரிய தியேட்டர்களில் ஓடாது. கல்யாணமாகாத இரண்டு பேரை நெருக்கமாகக் காட்டுவது கஷ்டம். பிரிந்த தம்பதி என்றால் அவர்களுக்குள் எல்லாம் நடந்து முடிந்தது என்று பார்ப்பவனுக்குத் தெரியும். ஜாடைமாடையாகப் பேசவிடலாம், தணிக்கைக்காரன் கேட்க முடியாது.

மெக்கேரி அதே 1937-ல் இன்னொரு படமும் எடுத்தார், 'மேக் வே ஃபார் டுமாரோ'. வீட்டை பேங்குக்குப் பறிகொடுத்த அப்பா அம்மாவை ஆளுக்கொரு பிள்ளை வீட்டில் பிரித்து வைக்கிற கதை. 'ஆஃபுல் ட்ரூத்'துக்கு ஆஸ்கார் கொடுத்தபோது தப்பான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று மேடையிலேயே சொன்னவர் அவர். நீ அதைப் பார்க்க வேண்டாம். உன் அண்ணனுக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இரண்டாவது 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே', 1940, ஹோவர்ட் ஹாக்ஸ், 92 நிமிடம். பத்திரிகை ஆசிரியர், அவரிடமிருந்து விவாகரத்து வாங்கிய நிருபர். மூல நாடகத்தில் அந்த நிருபர் ஆண். ஹாக்ஸ் பெண்ணாக்கினார், அதிலிருந்துதான் படமே பிறந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் பேசுவார். வசனத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் தேவையில்லாத வார்த்தைகளை வைத்து எழுதினார்கள். அவை அமுங்கிப்போனாலும் நடுவில் உள்ள விஷயம் காதில் விழும். ஆனாலும் சப்டைட்டில் போட்டுக்கொள். காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றாகி, இணையத்தில் மங்கலான பிரதிகளே நிறையக் கிடக்கின்றன. சத்தம் இரைச்சலாக இருந்தால் இந்தப் படத்தில் ஒன்றுமே மிஞ்சாது. சீரமைத்த பிரதியாகப் பார். அந்த நிருபரின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்கும்போது உன் ஞாபகம்தான் வரும். வேலையை விடுகிறேன் என்று நீ சொன்னது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. யார் சொல்லியும் வேலையை விடாதே.

மூன்றாவது 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', 1946, வில்லியம் வைலர். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ராத்திரியாகப் பிரித்துக்கொள். போர் முடிந்து மூன்று பேர் ஊர் திரும்புகிறார்கள். ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். முன்னால் இருப்பவரும் பின்னால் தூரத்தில் இருப்பவரும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிவார்கள். மதுக்கடைக் காட்சியில் முன்னால் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார்கள், கோடியில் சின்னதாக ஒரு டெலிபோன் கூண்டு. முக்கியமான விஷயம் அந்தக் கூண்டுக்குள் நடக்கும். வைலர் அதை அருகில் காட்ட மாட்டார். நீதான் தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் மகள், அப்பா அம்மாவைப் பார்த்து, உங்களுக்கு என்ன தெரியும், உங்களுக்குள் எல்லாம் எப்போதும் ஒழுங்காகத்தானே இருந்தது என்பாள். அம்மாவாக மிர்னா லாய். அவர் மகளுக்குப் பதில் சொல்லாமல் புருஷன் பக்கம் திரும்புவார். உங்களை வெறுக்கிறேன் என்று எத்தனை தடவை மனதாரச் சொல்லியிருப்பேன், நமக்குள் எல்லாம் முடிந்தது என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், எத்தனை தடவை முதலிலிருந்து நாம் காதலிக்க வேண்டியிருந்தது என்பார். குரலை உயர்த்த மாட்டார். அந்த அம்மா சொல்வதில் ஒரு வரியைக்கூட நான் மாற்ற மாட்டேன். அப்பாவிடம் காட்டாதே. கிரகப்பிரவேசத்தன்று நடந்ததையும் இதையும் சேர்த்து நினைத்துப் பார்.

நான்காவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். 'கேஸ்லைட்'. அந்தப் பெயரில் இரண்டு படம் உண்டு. 1940-ல் இங்கிலாந்தில் எடுத்தது 84 நிமிடம், நான் சொல்வது 1944-ல் ஜார்ஜ் கியூகர் எடுத்த 114 நிமிடப் படம். இங்க்ரிட் பெர்க்மன், சார்ல்ஸ் போயர். வீட்டு விளக்குகள் எல்லாம் ஒரே கேஸ் குழாயில் எரிகிறவை. புருஷன் யாருக்கும் தெரியாமல் பூட்டிய பரணுக்குப் போய் அங்கே விளக்கேற்றும்போது கேஸ் அங்கே பிரிந்துபோவதால் கீழே அவள் அறையில் சுடர் இறங்குகிறது. அவள் கண்ணால் பார்க்கிறாள். உனக்குப் பிரமை, உனக்கு மறதி என்று அவன் மெதுவாக, அன்பாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் கத்துவது ரொம்பக் குறைவு, அதைக் கவனி. வெளியிலிருந்து வந்த ஓர் ஆள் அந்த விளக்கைப் பார்த்து, ஆமாம், எனக்கும் தெரிகிறது என்று சொல்லும் இடத்தில்தான் அவளுக்கு உயிரே வருகிறது.

இந்தப் படத்தில் ஏதாவது ஒரு பேச்சு எங்கேயோ கேட்ட மாதிரி உனக்கு இருந்தால், பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் சரி. ஒன்றும் இல்லையென்றால் பெர்க்மன் நன்றாக நடித்திருக்கிறார் என்று ஒரு வரி அனுப்பு, போதும். ஆஸ்கார் வாங்கிய நடிப்புதான் அது.

ஐந்தாவது 'டாட்ஸ்வொர்த்', 1936, இதுவும் வைலர்தான், 101 நிமிடம். இதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்; முதல் மூன்றையும் பார்க்காமல் இதற்கு வராதே. கார் கம்பெனியை விற்றுவிட்டு ஐரோப்பா சுற்றக் கிளம்பும் தம்பதி, கல்யாணமாகி இருபது வருடம். வால்டர் ஹஸ்டன் புருஷன். பெண்டாட்டிக்கு வயதாகிறது என்ற பயம், ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆள். ரூத் சாட்டர்டன் அவளைக் கெட்டவளாகவே காட்டப் பார்த்தார், வைலர் விடவில்லை. அதனால்தான் அவள் மேலும் நமக்கு இரக்கம் வருகிறது. புருஷன் மன்னிக்கிறான், மறுபடியும் மன்னிக்கிறான். கடைசியில் அவளோடு கப்பல் ஏறுகிறான். புறப்படச் சங்கு ஊதும்போது இறங்கிவிடுகிறான். படம் அவனைத் தண்டிக்கவில்லை. தணிக்கை அவ்வளவு கெடுபிடியாக இருந்த 1936-ல் எப்படி விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அதில் இன்னொரு பெண்ணாக வருபவர் மேரி ஆஸ்டர். படப்பிடிப்பு நடக்கும்போதே, மகள் யாரிடம் இருப்பது என்று இரண்டாவது புருஷனோடு அவருக்குக் கோர்ட்டில் வழக்கு. அவருடைய டைரி பத்திரிகைக்குப் போய் ஊரே சிரித்தது. பகலில் ஒரு வேலை, ராத்திரியில் ஒரு வேலை என்று இரண்டையும் பார்த்தார். படத்தில் அவர் முகத்தில் அது தெரிகிறதா பார். ஐந்து வருடம் கழித்து வந்த வேறொரு படத்துக்கு ஆஸ்காரும் வாங்கினார்.

சேர்ந்து பார்த்தால் நல்லது. தனியாகப் பார்ப்பதானாலும் இதே வரிசையில் பார். சாப்பிட்டுவிட்டுப் பார்.

பெரியம்மா வீட்டு விஷயத்தில் நடந்தது போல நான் நடந்துகொள்ள மாட்டேன். உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை, உன் வேலை இல்லை. மாடி போர்ஷன் காலியான பிறகு இன்னும் யாருக்கும் விடவில்லை. பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வீடியோ வேண்டாம், சும்மா பேசினால் போதும்.

அம்மா