ஆன்லைன்ல வாங்குற பொருள திருப்பிக் கொடுக்குற உரிமைய சட்டமாக்கச் சொல்லி கோரிக்கை மனு

பெறுநர்: நுகர்வோர் பாதுகாப்புத் துறைச் செயலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கடைக்கு நேர்ல போனா துணிய தொட்டுப் பாக்கலாம், செருப்ப போட்டுப் பாக்கலாம், பிடிக்கலன்னா வெச்சுட்டு வந்துடலாம், ஆனா ஆன்லைன்ல போட்டோவ நம்பி முதல்ல காச கட்டிட்டு அப்புறம்தான் பொருளையே கண்ணால பாக்குறோம். அதனால ரிட்டர்ன்ங்கிறது கம்பெனி பாத்து குடுக்குற சலுகையா இருக்கக் கூடாதுங்க, சட்டத்துலயே இருக்கணும். இப்போ ஆளாளுக்கு ஒரு ரூல் வெச்சிருக்காங்க, ஒரு இடத்துல ஏழு நாள், இன்னொரு இடத்துல வேற பொருள்தான் தருவோம் பணம் தர மாட்டோம், சில இடத்துல ரிட்டர்னே கிடையாதுன்னு பொடி எழுத்துல ஒரு ஓரமா போட்டிருக்கும்.

ஐரோப்பிய யூனியன்ல 2011ல கொண்டுவந்த நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேண்டாம்னு சொல்லலாம், நம்மகிட்ட வாங்குன சாதாரண டெலிவரி சார்ஜையும் சேத்து பணத்த திருப்பித் தரணும். இந்த உரிமை இருக்குறத விக்கிறவர் சொல்லாம மறைச்சா அந்தக் கெடு இன்னும் 12 மாசம் நீளும். எங்களுக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா மறைக்கிறவருக்குத்தான் அங்க நஷ்டம். நம்ம அளவு குடுத்து செஞ்ச பொருள், சீக்கிரம் கெட்டுப்போறது இதுக்கெல்லாம் விலக்கு உண்டு, அது நியாயம்தான், வியாபாரியும் பாதிக்கப்படக் கூடாது.

அடுத்தது, பொருள் உடைஞ்சு வந்தா யார கேக்குறது? செல்லர கேளுங்கன்னு ஆப்ல சொல்றாங்க, செல்லர் கூரியர கை காட்டுறார், கஸ்டமர் கேர்ல மனுஷங்களே பேச மாட்டேங்குறாங்க. காச வாங்குனது ஆப்தான, அப்ப பதில் சொல்ற பொறுப்பும் அவங்களுக்கு வேணும். இந்தியாவோட 2020 இ-காமர்ஸ் விதிகள்ல, புகார் வந்துச்சுன்னு 48 மணி நேரத்துக்குள்ள ஒத்துக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும்னு இருக்கு, அதுமாதிரி கெடு வைங்க, தவறுனா அபராதமும் போடுங்க, அபராதம் இல்லாத கெடுவ எவரும் மதிக்க மாட்டாங்க. நம்மள கேக்காமலே டிக் போட்டு இன்சூரன்ஸ் சேக்குறது, கடைசிப் பக்கத்துல புதுசா ஒரு சார்ஜ் ஏத்துறது, இதையும் தடை பண்ணுங்க.

கடையில வாங்குறவங்களுக்கு இருக்குற பாதுகாப்புக்கு ஆன்லைன் பாதுகாப்பு குறையக் கூடாதுன்னு 2015ல திருத்துன ஐநா வழிகாட்டுதல்லயே இருக்குங்க. சட்ட வரைவ சீக்கிரம் வெளியிட்டு, வாங்குறவங்க, சின்ன வியாபாரிங்க ரெண்டு பேர்கிட்டயும் கருத்து கேட்டு நடவடிக்கை எடுக்கணும்னு பணிவோட கேட்டுக்கிறோம்.

இப்படிக்கு,
ஆன்லைன்ல பொருள் வாங்கும் நுகர்வோர்கள்