வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து

போஸ்மேன், மொன்டானா
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். புரட்டாசியில் நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் மேசை மேலேயே இருக்கிறது. இரவில் எடுத்துப் படிப்பேன், பதில் எழுத உட்காருவேன், அதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். ஏரி நிரம்பி வழியும் கலங்கல் ஓடை ஓரம், மீன் பிடிக்க வருபவர்கள் நுழையாதபடி நீங்கள் போட்ட வேலியைப் பற்றிக் கேட்டதற்குப் போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்றுதான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. அறையில் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. நான்தான் குறைத்து வைத்து இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், உடம்புக்கு அதுவே நல்லது என்கிறார்கள். அம்மா கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் களி கிண்டுகிறேன். துடுப்பு இல்லாததால் மரக்கரண்டியின் காம்பால் கிண்டுகிறேன், கட்டி கட்டியாகத்தான் வருகிறது.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், தன் நாயின் மயிரில் பூச்சி செய்பவர். தூண்டில் முள்ளின் மேல் மயிரும் இறகும் நூலும் சுற்றி, உயிருள்ள ஈ என்று மீனே ஏமாறும்படி கட்டுகிறார். அத்தனை பாடுபட்டுப் பிடித்த டிரவுட் மீனைத் தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறார். அப்படியென்றால் எதற்குத்தான் போகிறார் என்று அம்மா கேட்பது இங்கிருந்தே என் காதில் விழுகிறது.

அக்டோபரில் ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனார். நான் லைசென்ஸ் எடுக்கவில்லை. வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆற்றின் இரு கரையும் ஒரே பண்ணைக்காரருடையது, எங்கும் முள்கம்பி. கிழவர் சாலைப் பாலத்தின் ஓரமாக இறங்கி, மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையோடு தண்ணீரிலேயே நடந்தார். சிறிது நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர், இது என் நிலம் என்றார். கிழவர் பதில் பேசாமல் கைத்தடியால் கரையில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். தடிக்குக் கீழே கூழாங்கல்லும் வண்டலும், மேலே புல்லும் புதரும். இந்தக் கோடு வரை தண்ணீர் வந்து போகும் இடம், இதில் நான் நிற்கலாம், இதற்கு மேல் உங்களுடையது என்றார். வந்தவர் முறைத்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

அது வெறும் வாய்ச்சண்டை இல்லையென்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1984இல் டியர்பார்ன், பீவர்ஹெட் என்ற இரண்டு ஆறுகள் குறித்த வழக்குகளில், ஆற்றின் அடிமண் யாருடையதாக இருந்தாலும் தண்ணீரில் பொழுதுபோக்க மக்களுக்கு உரிமை உண்டு என்று மொன்டானா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அதைச் சட்டமாக்கினார்கள். ஆனால் ஆற்றுக்குப் போகப் பிறர் நிலத்தின் குறுக்கே நடக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் சண்டையெல்லாம் பாலத்தடிக்கு வந்துவிட்டது. 2009இல் இன்னொரு சட்டம் போட்டார்கள்: மாடு போகாமலிருக்க வேலியைப் பாலத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் ஆள் நுழைந்து போக வழி விட்டாக வேண்டும். கொலராடோவில் இந்த வழக்கமே இல்லை. தனியார் நிலத்தில் ஓடும் ஆற்றின் அடிமண்ணில் கால் வைத்தாலே அத்துமீறல் என்று அங்கே 1979இல் தீர்ப்பு வந்திருக்கிறது.

"பட்டா என் பேரில் இருக்கும்போது எவன் என்ன கேட்பான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. மீன் பிடிக்க வருபவர்கள் வரப்பை மிதித்து உடைக்கிறார்கள், நாற்றங்காலில் பாட்டிலை வீசுகிறார்கள், அறுவடைக்குப் போனால் காலில் கண்ணாடி குத்துகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: பாசனத்துக்கு வெட்டிய வாய்க்கால்களுக்கு இந்த மொன்டானா உரிமை கிடையாது. ஆனால் நம்முடையது வெட்டிய வாய்க்கால் இல்லையே, ஏரி கோடி போனால் தானே இறங்கி ஓடும் ஓடை. ஏரிக்குள் இருக்கும் மீன் பாசி குத்தகை எடுத்தவருக்கு, கலங்கல் தாண்டி இறங்கிய மீன் ஊருக்கு என்று தாத்தா சொல்வதை நீங்களும் கேட்டவர்தான். அவர் வாங்கிய கிரயப் பத்திரத்தில் "மாமூல் வழிநடை பாத்தியங்கள் சகிதம்" என்ற வரி இருக்கிறது; வழக்கமாக நடந்து வரும் வழியுரிமையோடு சேர்த்து என்று அதன் பொருளை, நான் பத்தாவது படித்தபோது நீங்களே எனக்கு விளக்கினீர்கள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தடையில்லாமல் 20 ஆண்டுகள் உரிமையோடு நடந்த வழியை அடைப்பது எளிதல்ல. சர்வேயரை அழைத்துப் புலப்படத்தை வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். வேலியின் கடைசி நான்கு கல்கால்கள் ஓடைப் புறம்போக்கில்தான் நிற்கின்றன என்று எனக்குச் சந்தேகம்.

2021இல் பாலாறு கரைபுரண்ட அந்தக் கார்த்திகையில், நம் கழனி முனையில் முழங்கால் தண்ணீரில் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையை நான் போட்டது நினைவிருக்கிறதா? ஏழுமலை மாமா பின்னால் நின்று, விராலை வாலில் பிடிக்காதே, செவுளுக்குள் விரலை விடு என்று கத்தினார். விட்டேன், கை முழுக்க வழவழப்பு, இரண்டு நாள் போகவில்லை. அன்று இரவு அம்மா மாங்காய் போட்டு வைத்த குழம்பின் வாசனை, இங்கே கிழவர் மீனைத் தண்ணீரில் விட்டபோது திடீரென்று வந்தது. பனிக்காற்றில் கண்ணில் நீர் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

அந்த முள்கம்பி நான் அனுப்பிய பணத்தில் வாங்கியது. ஏழுமலை மாமா தன் கூடையோடு அதன் முன்னால் நின்று திரும்பிப் போனார் என்று தங்கை சொன்னதிலிருந்து எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வேலியைப் பிடுங்கச் சொல்லவில்லை. மூன்றாவது கல்லுக்கும் நான்காவது கல்லுக்கும் நடுவே, மாடு நுழையாமல் ஆள் மட்டும் நுழையும்படி ஒரு சந்து விட்டால் போதும். பாட்டில் விஷயத்தை ஊராட்சியில் பேசலாம். மீதிக் கல்கால்களுக்கு நீங்கள் கேட்ட தொகையைத் தை மாதம் அனுப்புகிறேன்; பணம் இல்லாமல் இல்லை, வண்டிக்குப் பனி டயர் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

தங்கைக்கு வந்திருக்கும் வாலாஜா வரனைப் பற்றிப் பெரியப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நகைச் சீட்டு எத்தனை தவணை பாக்கி என்பதையும் எழுதுங்கள், நிச்சயத்துக்கு முன் கட்டி முடித்துவிடலாம். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் இல்லாததால் தாய்மாமன் இடத்தில் ஏழுமலை மாமாதான் நிற்க வேண்டும். அவரை அழைக்க அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களே வெற்றிலைத் தட்டோடு போங்கள். சந்தை அதற்கு முன்பே விட்டுவிடுங்கள், ஏனென்றால் மேட்டுத் தெருவிலிருந்து அவர் நம் வீட்டுக்கு அந்த வழியாகத்தான் நடந்து வருவார்.

உங்கள் அன்பு மகன்