சாமி பலகை மாட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சாமி பலகை மாட்டுவோர் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். கான்கிரீட் கெட்டியாக ஒலிக்கும். அறைகளுக்கு நடுவே உள்ள சில தடுப்புச் சுவர்களோ உள்ளே வெற்றிடம் உள்ளவை; அவற்றில், திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்காது, உட்புறம் விரிந்து பிடிக்கும் டாகிள் போல்ட் தேவை.

கான்கிரீட்டில் 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. டிரில் பிட்தான். பிளக் சுலபமாக நுழையட்டுமே என்று 7 மி.மீ. போடுவதுதான் பலர் செய்யும் தவறு. பிறகு திருகோடு சேர்ந்து பிளக்கும் சுற்றும், பிடிப்பே இருக்காது. துளை, பிளக்கைவிட 10 மி.மீ. ஆழமாக இருக்கட்டும். தூசியை உறிஞ்சி எடுக்காவிட்டால் பிளக் பாதியில் நின்றுவிடும்.

பலகை எவ்வளவு வெளியே நீள்கிறதோ, அந்த அளவுக்கு, தாங்கியின் மேல்பக்கத் திருகு சுவரிலிருந்து இழுபடும். எனவே எல் வடிவத் தாங்கியின் நீண்ட கை சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். (பார்வைக்கு மாற்றிப் போடத்தான் தோன்றும்!) சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளையிட வேண்டாம், ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.

எண்ணெய் விளக்கு ஏற்றுவதானால், பலகைக்கு மேலே மர அலமாரியோ திரைச்சீலையோ கூடாது. ஏர்கானுக்கு நேர் கீழும் வேண்டாம், காற்று சுடரைச் சாய்த்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்