கூட வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள்

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைகளில் அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டம் தீட்டும் குழுவினருக்கு,

வணக்கம். நான் புற்றுநோய்ப் பிரிவில் கீமோ கொடுக்கும் தாதி. கொவிட் காலம் முழுவதும் அந்த நாற்காலிகளுக்கு நடுவில்தான் நின்றேன். 2025 ஏப்ரலில் தொற்றுநோய்களுக்கென்றே தனி அமைப்பு தொடங்கப்பட்டதைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த முறைக்கான திட்டங்களை எழுதும்போதும் திருத்தும்போதும் நான் பார்த்த சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி, எல்லோரும் முடிந்தவரை வீட்டிலேயே இருக்கவேண்டிய கொவிட் முறியடிப்புக் காலம் தொடங்கியது. அந்த வாரத்தில் ஒரு பாட்டி நான்காவது கீமோவுக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம். முதல் மூன்று முறையும் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த முறை நோயாளி மட்டும்தான் உள்ளே வரலாம். மகள் கீழே, கார் வந்து நிற்கும் இடத்தில், கையில் பிளாஸ்கோடு நின்றார்.

பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ்ஸி, எம்மவள ஏன் உள்ள விடல? எனக்கு அவ்ளோ முத்திப்போச்சா?” என்று கேட்டார்.

கிருமி, விதிமுறை, எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தேன். முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் திரை. என் குரல் அவருக்கு எட்டவில்லை, வாயசைவும் தெரியவில்லை. கடைசியில் ஒரு தாளைத் திருப்பி மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: “ரத்தம் நல்லா இருக்கு. இன்னிக்கு மருந்து போடலாம். மகள் கீழே இருக்காங்க.” பாட்டி மூக்குக் கண்ணாடியை எடுத்தார். மாட்டியதும் முகக்கவசத்திலிருந்து வந்த மூச்சில் ஆவி படிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்து, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். அப்புறம்தான் ஊசி போடக் கையை நீட்டினார்.

நோயாளி மட்டும் வரலாம் என்ற விதியை நான் குறை சொல்லவில்லை. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்தவர்கள் ஒரே அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மகளை ‘பார்வையாளர்’ என்று கணக்கில் எழுதியதுதான் தவறு. பாட்டி எத்தனை முறை வாந்தி எடுத்தார், எந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார், விரல் நுனி மரத்துப்போனது எந்த நாளில் என்று சொல்வது மகள்தான். ஆங்கிலத்தில் மருத்துவர் சொல்வதைத் தமிழில் மாற்றி, பாட்டி தலையாட்டுவது புரிந்துதானா, மரியாதைக்கா என்று கண்டுபிடிப்பதும் அவர்தான். அவரை வாசலில் நிறுத்தியபோது எங்கள் கண்ணும் காதும் பாதி போய்விட்டன.

மற்ற மாற்றங்களை வேகமாகவே செய்தோம். ஊசி மருந்தை மாத்திரையாக மாற்ற முடிந்தவர்களுக்கு மாற்றினோம். நிலையாக இருந்தவர்களுக்கு மருந்து வீட்டுக்கே போனது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சில இம்யூனோதெரபி மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறையாகத் தள்ளலாம் என்று வந்தது. மார்பகப் புற்றுநோயில் சிலருக்கு மூன்று வாரக் கதிரியக்கச் சிகிச்சைக்குப் பதில் ஒரே வாரத்தில் ஐந்து நாள் போதும் என்று காட்டிய பிரிட்டிஷ் ஆய்வும் அதே 2020 ஏப்ரலில்தான் வெளியானது. இவையெல்லாம் மருத்துவ இதழ்களில் பதிவாகிவிட்டன. தாதிகள் செய்தவைதான் எங்கும் பதிவாகவில்லை.

காய்ச்சல் விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, பெரும்பாலானவர்களுக்கு வெள்ளை அணுக்கள் தரைதட்டும். அப்போது 38 டிகிரி காய்ச்சல் என்றால் நள்ளிரவானாலும் வரவேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏறவேண்டும். இது எங்கள் வேலையின் அரிச்சுவடி. 2020இல் அதே 38 டிகிரிக்கு இன்னொரு அர்த்தம் வந்துவிட்டது. காய்ச்சல் என்றால் தனிமை அறை, மூக்கில் பரிசோதனை, முடிவு வரும்வரை காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு கீமோ நோயாளியைக் கொன்றுவிடலாம். எங்கள் பிரிவில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் தாதி அக்கா ஒருவர் இதற்கு வழி கண்டார். ஆன்டிபயாட்டிக், ஊசிக்குழாய், ரத்தம் எடுக்கும் குப்பிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தனிமை அறை வாசலில் தயாராகத் தொங்கவிட்டார். பரிசோதனைக்கு எடுத்த கையோடு மருந்தும் ஏறிவிடும். சின்ன ஏற்பாடுதான், ஆனால் எத்தனை பேரைக் காப்பாற்றியதோ.

மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு அந்தப் பை உதவியது. வராதவர்களை என்ன செய்வது? ஈசூனிலிருந்து ஒரு ஐயா. காய்ச்சல் வந்த இரண்டு நாள் பெனடால் போட்டு மறைத்துவிட்டார். “அங்க போனா ஆளப் பாக்கக்கூட விடமாட்டாங்களாமே” என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். இறுதிச் சடங்குக்கே பத்துப் பேருக்கு மேல் கூடாது என்றிருந்த நேரம். தனியாகப் போய்விடுவோமோ என்று பயந்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மருமகள் இழுத்துக்கொண்டு வந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் மிகவும் கஷ்டப்பட்டார். நாங்கள் கொடுத்த காய்ச்சல் தாள் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருந்ததாம். ஆங்கிலத்தில்.

அதற்குப் பிறகு எட்டாம் நாள் ஆனதும் தமிழ் பேசும் நோயாளிகளுக்கு நாங்களே போன் போட்டோம். “ஐயா, உடம்பு சூடா இருக்கா? பயப்படாதீங்க, நான்தான் இருப்பேன், வாங்க.” பலர் அந்த ஒரு வார்த்தைக்காகவே வந்தார்கள்.

இன்னொன்று. ஒருவருக்குத் தொற்றினால் எல்லோரும் முடங்கிவிடாதபடி ஊழியர்களை ஏ குழு, பி குழு என்று பிரித்தபோது யாரும் மொழியைப் பார்க்கவில்லை. எங்கள் பிரிவில் தமிழ் பேசும் தாதிகள் இரண்டு பேர், இருவருமே ஏ குழுவுக்குப் போய்விட்டோம். பி குழு நாட்களில் தமிழ் மட்டும் தெரிந்தவர் வந்தால் பேச ஆளில்லை. பிலிப்பினோ சகோதரிகள் என் எழுத்துகளை அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் போட்டு, துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தினார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான். இவ்வளவு சிறிய கூட்டம் திட்டத்தில் விட்டுப்போவது எளிது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பை தொங்கவிட்ட அந்த அக்கா, 2020 மார்ச் 18இல் மலேசியா எல்லையை மூடியபோது இரண்டு உடுப்புகளோடு இங்கேயே தங்கிவிட்டார். 2021 நவம்பர் இறுதியில் பேருந்து விட்ட பிறகுதான் ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டினார். கைக்குழந்தையாக விட்டுவந்த பையன் அவரைப் பார்த்ததும் அத்தையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டானாம். இப்போது அவர் வேலையை விட்டு ஜொகூரிலேயே இருக்கிறார். அந்தப் பையில் என்னென்ன இருந்தன என்று இன்றைய புதுத் தாதிகளுக்குத் தெரியாது. 2003இல் சார்ஸ் தொற்று இங்கே 33 உயிர்களைக் கொண்டுபோனது. அதைக் கண்ட மூத்த தாதிகள்தான் 2020இல் பாதுகாப்பு அங்கியை எப்படிக் கழற்றுவது என்று எங்களுக்குக் கை பிடித்துக் காட்டினார்கள். அவர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள்.

ஆகவே கேட்கிறேன். முதல் சந்திப்பிலேயே, கூட வருபவர் ஒருவரின் பெயரைச் சிகிச்சைக் குழுவில் ஒருவராக எழுதிவையுங்கள். எங்களைப் பரிசோதிப்பதுபோல் அவரையும் பரிசோதித்து, எங்களுக்குத் தரும் முகக்கவசத்தையே அவருக்கும் கொடுத்து உள்ளே விடுங்கள். எந்த வகையிலும் முடியாத நாட்களில், நாற்காலி பக்கத்தில் வீடியோ அழைப்பு தயாராக இருக்கட்டும். குழுக்களைப் பிரித்தால் மொழிகளையும் பிரியுங்கள். காய்ச்சல் தாள் நான்கு மொழிகளிலும் வரட்டும். அதற்கெல்லாம் முன்னால், கீமோ, கதிரியக்கப் பிரிவுத் தாதிகளையும் தொழில்நுட்பர்களையும் உட்காரவைத்து, அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜொகூருக்குப் போனவர்களையும் போனில் கேளுங்கள்.

என் அட்டைகள் பன்னிரண்டும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் மார்க்கர் மை கரைந்திருக்கிறது. மற்றவற்றை நகலெடுத்துக்கொள்ளலாம். யார் வந்து கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
கீமோ பிரிவுத் தாதி ஒருத்தி
சிங்கப்பூர்